சுண்டைக்காயும் சுமைகூலியும்



"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்னும் பழமொழியை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்ல நீங்கள் கேட்டிருப்பீர்கள். பொருளின் விலையைவிட அதனைக் கொண்டுவந்து சேர்க்கும் செலவு மிகுந்துவிடும் இடங்களிலெல்லாம் இதனைச் சொல்வார்கள். சிறியவனை ஏளனம் செய்ய வேண்டுமாயினும் "சுண்டைக்காய்ப் பயல்" என்றே ஏசுவார்கள். ஆக, நம் மொழியில் அற்பத்திற்கு அடையாளமாகிப்போனது இந்தச் சின்னஞ்சிறு காய்.

ஆனால், சற்றே எண்ணிப் பாருங்கள். காய் நம் கொல்லையிலேயே காய்த்தால் சுமைகூலி ஏது? கால் பணமும் மிச்சம். முக்கால் பணமும் மிச்சம். வற்றல் ஒரு பொட்டலம் வாங்கக் கடைக்குப் போய் விலையைக் கேட்டுத் திரும்பிய இல்லத்தரசியருக்கு இதன் அருமை விளங்கும். ஆகவே இம்மாதம் சுண்டைச் செடியை வீட்டில் வளர்ப்பது எப்படி, காய்த்தபின் அதனை என்ன செய்வது என்பதை எழுதுகிறேன். அத்துடன், இந்தக் காயால் எங்கள் குடும்பம் செலுத்த நேர்ந்த வேறொரு சுமைகூலியையும் இறுதியில் சொல்வேன். அதனையும் படித்துவிட்டே இதழை மூடுங்கள் என்பது என் வேண்டுகோள்.

செடியை அறிவோம்

சுண்டை, கத்தரிக்காயின் இனத்தைச் சேர்ந்தது. தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, மணத்தக்காளி, தூதுவளை ஆகிய எல்லாமும் இதற்கு உறவு முறைதான். ஆள் உயரத்தையும் தாண்டி வளரும் குற்றுமரம். தண்டில் ஆங்காங்கே முள் இருக்கும். இலைகள் அகன்று, ஓரம் வளைந்து நெளிந்து, தொட்டால் சொரசொரவென்று இருக்கும். வெண்ணிறப் பூக்கள் கொத்துக் கொத்தாகப் பூக்கும். பூவின் நடுவே மஞ்சள் நிறத் தாதுப்பைகள் தெரியும். பட்டாணி அளவிலோ சற்றுப் பெரிதாகவோ பச்சைக் காய்கள் குலைகுலையாகத் தொங்கும். பழுத்தால் மஞ்சளாகும். உள்ளே தட்டையான சிறு விதைகள் நிறைந்திருக்கும்.

வீட்டுக் கொல்லையில் வளர்வதை நாட்டுச் சுண்டை என்றும், காடுமலைகளில் தானாக வளர்ந்து கசப்பு மிகுந்து காய்ப்பதை மலைச்சுண்டை என்றும் பிரித்துச் சொல்வது நம் பக்கத்து வழக்கம். பச்சையாகக் குழம்புக்கு நாட்டுச் சுண்டை ஏற்றது. மலைச்சுண்டையைப் பெரும்பாலும் வற்றலாகவே பயன்படுத்துவர்.

நம் பாட்டிமார் காலந்தொட்டு வரும் காய் என்பதால் இதனை நம் மண்ணிலேயே தோன்றியது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் மிளகாயைப் போலவே இதற்கும் அமெரிக்க வெப்ப மண்டலமே பிறந்தகம் என்று தாவரவியலார் கூறுவர். இன்றோ உலகின் வெப்ப நாடுகள் பலவற்றில் இது வேரூன்றிவிட்டது. தாய்லாந்துக்காரர்கள் தங்கள் பச்சைக் குழம்பில் இதனை முழுக்காயாகவே போடுகிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் வேகவைத்து அரைத்துச் சாற்றில் சேர்க்கிறார்கள். மேற்கிந்தியத் தீவான ஜமைக்காவில் உப்பு மீனுடன் சேர்த்துச் சமைக்கிறார்கள். மலேசியாவில் வாழும் நம் உறவினர்கள் அங்கத்துச் சந்தைகளில் "தெரோங் பிபிட்" என்ற பெயரில் இதனைப் பார்த்திருப்பார்கள். நாம் அற்பமென்று ஏசும் காய்க்கு எத்தனை நாட்டு அடுப்படிகளில் இடமிருக்கிறது பாருங்கள்!

நடும் முறை

விதையிலிருந்தும் வளர்க்கலாம், கிளையை நட்டும் வளர்க்கலாம்.

விதைக்காக நன்கு பழுத்து மஞ்சளான பழங்களைப் பறித்து, ஒரு கிண்ணத்து நீரில் பிசைந்துவிடுங்கள். சதை மிதக்க, நல்ல விதை அடியில் தங்கும். அதனை அலசி, நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தி, மணலும் செம்மண்ணும் மக்கிய எருவும் சமமாகக் கலந்த தட்டிலோ, உடைந்த குடத்தின் அடிப்பகுதியிலோ மேலாகத் தூவி, மெல்லிய மண்ணால் மூடுங்கள். பூவாளியால் நீர் தெளித்து ஈரம் காயாமல் காத்து வாருங்கள். இந்த விதைக்கு ஒரு குணம் உண்டு: எல்லாமும் ஒரே நாளில் முளைக்காது. சில இரண்டு வாரத்தில் தலைகாட்டும். சில ஒரு மாதமும் எடுத்துக்கொள்ளும். "முளைக்கவில்லையே" என்று அவசரப்பட்டுத் தட்டைக் கவிழ்த்துவிடாதீர்கள். நாற்று ஒரு சாண் வளர்ந்து ஐந்தாறு இலை விட்டதும் பிடுங்கி நடலாம்.

கிளையை நடுவதாயின், பென்சில் கனமுள்ள, மிக முற்றாத, மிக இளசாகவும் இல்லாத கிளையை ஒரு சாண் நீளத்திற்கு வெட்டி, நுனியில் ஓரிரு இலைகளை மட்டும் விட்டு, ஈர மணலில் பாதியளவு புதைத்து நிழலில் வையுங்கள். துளிர் வந்து, மெல்ல இழுத்தால் பிடிமானம் தெரிந்தால் வேர் விட்டுவிட்டது என்று பொருள். அண்டை வீட்டில் நல்ல காய்ப்புள்ள செடி இருந்தால் இம்முறையே சிறந்தது. தாய்ச் செடியின் குணம் அப்படியே வரும். காய்ப்பும் விரைவில் தொடங்கும்.

ஆடி, ஆவணி மாதங்களில் நட்டால் பின்வரும் மழையில் செடி ஊன்றிக்கொள்ளும். நாள்தோறும் ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். முழங்கை ஆழமும் அகலமும் உள்ள குழி எடுத்து, ஒரு கூடை மக்கிய சாணமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி நடுங்கள். இரண்டு செடி நடுவதாயின் இடையில் ஆறடியேனும் இருக்கட்டும். ஒரு குடும்பத்துக்கு ஒரு செடியே போதுமானது. இரண்டு இருந்தால் அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கலாம்.

மண்தரை இல்லாத மாடி வீட்டினர் மனம் தளர வேண்டாம். இருபது லிட்டர் கொள்ளும் பழைய வாளியோ, பெயிண்ட் டப்பாவோ, அடியில் நான்கைந்து துளையிட்டால் தொட்டியாகிவிடும். தரையில் வளர்வது போல் ஓங்கி வளராது. காயும் சற்றுக் குறையும். ஆயினும் வாரம் ஒரு குழம்புக்குக் காய் கிடைக்கும். தொட்டிச் செடிக்குக் கோடையில் நாள்தோறும் நீர் வேண்டும். தரைச் செடிக்கு ஊன்றிய பின் வாரம் இரு முறை போதும். அடுக்களையில் அரிசி களைந்த நீரையும் இறைச்சி கழுவிய நீரையும் வேரடியில் ஊற்றலாம். உப்பு கலந்த நீரை மட்டும் ஊற்றாதீர்கள்.

மாவுப்பூச்சியும், இலையை அரித்துச் சல்லடையாக்கும் புள்ளி வண்டும் இதற்குப் பகைவர்கள். ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும், அது நீருடன் கலப்பதற்காகச் சிறிதளவு சோப்புக் கரைசலும் சேர்த்து நன்கு குலுக்கி, மாலை வேளையில் இலையின் அடிப்புறம் படும்படி தெளியுங்கள். வண்டுகளைக் கையால் பொறுக்கியும் அழிக்கலாம். குழந்தைகள் விளையாடும் பாதையோரத்தில் மட்டும் இதனை நடாதீர்கள். முள் சிறிதாயினும் தைத்தால் வலிக்கும்.

ஓராண்டு முடிவதற்குள் முதல் காய் பறித்துவிடலாம். அதன்பின் பல ஆண்டுகள் காய்த்துக்கொண்டே இருக்கும். காய்ப்பு ஓய்ந்து கிளைகள் நெட்டையாகும்போது இடுப்பளவுக்கு வெட்டிவிட்டு எரு வையுங்கள். புதுக்கிளை பக்கங்களில் வெடித்து மீண்டும் குலை தள்ளும்.

பறவையும் அண்டை வீட்டாரும்

ஒருவர் நட்ட செடியிலிருந்து மனிதரோ, பறவையோ, கால்நடையோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாகும் என்னும் நபிமொழியை நாம் அறிவோம். சுண்டையின் பழத்தைப் பறவைகள் விரும்பித் தின்னும். அது நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் தின்ற பறவை விதையை எங்கெங்கோ விதைத்துவிடும். சில ஆண்டுகளில் அடுத்தவர் கொல்லையில் கேட்பாரற்ற முட்புதராக அது எழுந்து நிற்கும். வேரிலிருந்தும் கன்றுகள் வெடிக்கும். இக்காரணத்தால் அமெரிக்க அரசு இதனைக் கொடிய களைகளின் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது.

ஆகவே நட்டவருக்கு ஒரு கடமை உண்டு. காயைப் பழுக்கவிடாமல் பச்சையிலேயே பறித்துவிடுங்கள். விதைக்கு ஒரு குலை விட்டால் போதும். மதிற்சுவரை ஒட்டி நடாமல் நான்கடி தள்ளி நடுங்கள். அண்டை வீட்டுப் பக்கம் முளைத்த கன்றை, அவர்கள் முகம் சுளிக்கும் முன் நீங்களே சென்று அனுமதி கேட்டுப் பிடுங்கிவிடுங்கள். கையோடு ஒரு கிண்ணம் வற்றலும் கொண்டு சென்றால் உறவு இன்னும் இனிக்கும்.

கத்தரிக்கு ஒரு தாங்குவேர்

இன்னொரு பயனையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் கத்தரி நடுவோர் பலர், "நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த செடி ஒரே வாரத்தில் வாடிச் செத்துவிட்டது" என்று வருந்துவதுண்டு. மண்ணிலுள்ள வாடல் நோய்க் கிருமியும், வேரை முடிச்சாக்கும் நூற்புழுவும் அதற்குக் காரணமாக இருக்கும். சுண்டையின் வேர் இவ்விரண்டையும் பெரிதும் தாங்கி நிற்கக்கூடியது. அதனால் சுண்டை நாற்றின் மேல் கத்தரியை ஒட்டுக்கட்டி வளர்க்கும் முறையை வேளாண் துறையினர் பரப்பி வருகிறார்கள்.

வீட்டிலும் முயலலாம். சுண்டை மெதுவாக வளர்வதால் அதனைக் கத்தரிக்கு மூன்று வாரம் முன்னதாக விதையுங்கள். இரண்டின் தண்டும் ஒத்த கனம் அடைந்ததும், சுண்டை நாற்றை மண்ணிலிருந்து நான்கு விரல் உயரத்தில் நறுக்கி, தண்டின் நடுவே கூரிய பிளேடால் பிளந்து, ஆப்புப் போல் இருபுறமும் சீவிய கத்தரி நுனியைச் செருகி, கவ்வியாலோ மெல்லிய பிளாஸ்டிக் நாடாவாலோ கட்டுங்கள். மேலே ஒரு பாலித்தீன் பையைக் கவிழ்த்து, ஒரு வாரம் நிழலில் வைத்தால் ஒட்டு பிடிக்கும். பத்துக்கு நான்கு பிடித்தாலும் முதல் முயற்சிக்கு அது வெற்றியே. ஒட்டுக்குக் கீழே சுண்டைத் துளிர் வந்தால் உடனுக்குடன் கிள்ளிவிட மறவாதீர்கள்.

பறித்தபின்

காய் உருண்டு பச்சை மாறாமல், நகத்தால் அழுத்தினால் சற்று விட்டுக்கொடுக்கும் பருவத்தில் குலையோடு வெட்டி எடுங்கள். முற்றினால் விதை கடினமாகி வாயில் நறநறக்கும்.

பச்சைக்காயைச் சமைக்க, காம்பு நீக்கிக் கழுவி, அம்மிக்கல்லால் ஒவ்வொன்றையும் வாய் பிளக்கும் அளவுக்கு மட்டும் தட்டி, உடனே நீரில் போடுங்கள். நீருக்கு வெளியே விட்டால் கறுத்துவிடும். நீரில் நன்கு அலசினால் விதைகளில் பாதி வெளியேறும், கசப்பும் குறையும். பின்னர் எண்ணெயில் வதக்கிவிட்டுப் புளி ஆணத்திலோ, பருப்பிலோ, தேங்காய்ப்பால் சேர்த்த ஆணத்திலோ போடலாம். சென்னாக்கூனியுடனோ கருவாட்டுடனோ சேர்த்தால் அன்று ஒரு பிடி சோறு கூடுதலாக வேண்டியிருக்கும்.

வற்றல் போடும் முறையை என் உம்மா செய்தபடியே எழுதுகிறேன். ஒரு கிலோ காய்க்கு அரை லிட்டர் புளித்த தயிரை எடுத்து, நீர் சேர்த்துக் கடைந்து ஒரு லிட்டர் மோராக்கிக்கொள்ளுங்கள். அதில் நான்கு மேசைக்கரண்டி கல்லுப்பைக் கரைத்து, தட்டி அலசிய காய்களை இரவு முழுதும் ஊறவிடுங்கள். காலையில் காயை மட்டும் வடித்து, தூய துணியிலோ பாயிலோ வெயிலில் பரப்புங்கள். மாலையில் அதே மோரில் மீண்டும் போடுங்கள். மூன்று நாள் இவ்வாறு செய்தால் மோர் ஏறத்தாழ முழுதும் காயில் ஏறிவிடும். அதன்பின் மோரின்றி நான்கைந்து நாள் சுள்ளென்ற வெயிலில் காய விடுங்கள். கையில் அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று ஓசை வர வேண்டும். அதுவே பதம். ஒரு கிலோ காய் ஏறத்தாழ கால் கிலோவாகச் சுருங்கும்.

மாசி, பங்குனி வெயிலே இதற்கு உகந்தது. மழை வரும் நாளில் தொடங்கினால் பூசணம் பூத்துவிடும். பூசணம் பூத்ததைக் கழுவிப் பயன்படுத்தலாம் என்று எண்ணாமல் எறிந்துவிடுங்கள். பனி இறங்கும் முன் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும். காய்ந்ததைப் பீங்கான் சாடியிலோ கண்ணாடிப் புட்டியிலோ இட்டு, மாதம் ஒரு முறை வெயில் காட்டினால் ஓராண்டு கெடாது.

நல்லெண்ணெயில் சிறு தீயில் பொரித்தால் தயிர்ச்சோற்றுக்குத் துணை. சின்ன வெங்காயம், பூண்டு, வெந்தயம் தாளித்துப் புளி கரைத்த ஆணத்தில் இட்டால் இரண்டு நாள் வைத்துச் சாப்பிடலாம். வற்றலில் உப்பு இருப்பதால், ஆணம் கொதித்தபின் சுவைத்துப் பார்த்தே உப்பிடுங்கள். வறுத்த வற்றலுடன் கறிவேப்பிலை, மிளகு, சீரகம், சுக்கு, சிறிது பெருங்காயம் சேர்த்து இடித்த பொடியைச் சுடுசோற்றில் நெய்யோடு பிசைந்து, பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பத்தியச் சோறாகக் கொடுப்பது தமிழகத்தில் பல வீடுகளின் வழக்கம். நோன்பு நாட்களில் ஸஹர் உணவில் மட்டும் வற்றலைத் தவிருங்கள். உப்பு மிகுதியால் பகல் முழுதும் தாகம் வருத்தும்.

நாங்கள் செலுத்திய சுமைகூலி

இனி, தொடக்கத்தில் வாக்களித்த செய்திக்கு வருகிறேன்.

என் வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா, பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோயாளி. நாள் தவறாமல் மாத்திரை உண்டு வந்தவர். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் செடி அளவின்றிக் காய்த்தது. என் துணைவியார் வற்றல் போட்டுப் பொடியும் இடித்தார். ஒரு புட்டி நிறைய எடுத்துக்கொண்டு சாச்சாவைப் பார்க்கப் போனேன். கொடுக்கும்போது வாய் சும்மா இருக்கவில்லை. "சாப்பிடுங்க சாச்சா, கசப்புத்தானே, சர்க்கரைக்கு ரொம்ப நல்லதாம்" என்று சொல்லிவிட்டேன். யார் சொன்னார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் விடை தெரியாது.

அதே வாரத்தில் அவருடைய கைப்பேசிக்கு, "சுண்டை வற்றல் பொடியை 48 நாள் உண்டால் சர்க்கரை வேரோடு அகலும்" என்றொரு செய்தி யாரோ அனுப்பியிருக்கிறார்கள். முகமறியாதவர் அனுப்பிய செய்தியை மட்டும் அவர் நம்பியிருக்கமாட்டார். பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் அண்ணன் மகனே சொல்லியிருக்கிறானே என்று நம்பினார். மாத்திரையை நிறுத்திவிட்டுக் காலையும் மாலையும் பொடியை உண்டார். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. நலமான பின் சொல்லி அனைவரையும் வியக்கவைக்க எண்ணினாராம்.

ஏழாம் வாரத்தில் செருப்பின் வார் உரசிக் கட்டைவிரலுக்கு அடுத்த விரலில் சிறு புண் உண்டானது. அவருக்கு வலி தெரியவில்லை. வாடை வந்தபின்னரே சாச்சி பார்த்தார். மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது சர்க்கரை எல்லை கடந்திருந்தது. அத்தனை நாளும் உப்பு வற்றல் உண்டதால் இரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. விரலை எடுத்தால்தான் காலைக் காக்க முடியும் என்றார்கள். எடுத்தார்கள்.

நான் மருத்துவமனைக் கட்டிலின் அருகே தலைகுனிந்து நின்றேன். சாச்சா என் கையைப் பிடித்துக்கொண்டு, "காய் மேல குத்தம் இல்ல தம்பி. நீ அன்பாத்தான் கொடுத்தே. 'நல்லது'ன்னு சொன்னதோட நிறுத்தியிருக்கலாம், 'சர்க்கரைக்கு'ன்னு சேர்த்துச் சொன்னியே, அந்த ஒத்தை வார்த்தைதான்" என்றார். பிறர் ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவர் ஏசவில்லை.

அன்பு வாசகர்களே! மாணவர் ஓதும்போது ஓர் எழுத்தின் உச்சரிப்புப் பிசகினாலும் நிறுத்தித் திருத்துகிற நான், மருந்து பற்றிப் பேசுகையில் காதில் விழுந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். சொல்லுக்குச் சுமைகூலி உண்டு. சொன்னவன் அதனைச் செலுத்துவதில்லை, கேட்டவன் செலுத்துகிறான்.

நினைவில் கொள்ள வேண்டியவை

ஆகவே சில சொற்களை அழுத்திச் சொல்கிறேன்.

சுண்டைக்காய் நல்ல உணவு. சித்த மருத்துவத்திலும் அதற்கு இடமுண்டு. வயிற்றுப் பூச்சிக்கும் செரிமானத்திற்கும் நம் முன்னோர் பயன்படுத்தி வந்தனர். ஆனால் மருத்துவர் தந்த மாத்திரைக்கு அது மாற்றன்று. சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்துண்பவர், உணவில் புதிதாக ஒன்றை நாள்தோறும் சேர்க்க விரும்பினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை நிறுத்தும் முடிவை அவரிடமே விடுங்கள். இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் உள்ளவர்கள் உப்பிட்ட வற்றலைத் தவிர்த்துப் பச்சைக்காயைச் சமைத்து உண்பது நன்று.

"இரத்தசோகைக்குச் சுண்டைக்காய்" என்றும் பலர் சொல்வர். 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. நம் வீட்டுப் பெண்மக்களும் அக்கணக்கில் அடங்குவர். காயையும் கீரையையும் உண்ணட்டும். உடன் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் காய்கறியிலுள்ள இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். சாப்பிட்ட உடனே தேநீர் குடித்தால் சேர்வது குறையும். ஆனால் மயக்கமும் மூச்சிரைப்பும் உள்ள பெண்ணுக்கு இரத்தத்தைச் சோதித்து, மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுப்பதே கடமை.

கத்தரி இனத்துச் செடிகள் பலவற்றில் நச்சுத்தன்மையுள்ள கசப்புப் பொருள்கள் இயல்பாகவே உண்டு. அவை ஒரு செடிக்கும் மற்றொரு செடிக்கும், ஒரு பருவத்துக்கும் மற்றொரு பருவத்துக்கும் கூடிக் குறையும். சமைப்பதால் முற்றாக அழிவதுமில்லை. ஜமைக்காவின் சுண்டைக்காயை உண்ட சிலர் நாக்குழறி, நடை தள்ளாடி, பக்கவாதம் வந்தவர்கள் போல் மருத்துவமனைக்கு வந்த நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. இதனால் அஞ்ச வேண்டியதில்லை. எத்தனையோ தலைமுறைகளாக உண்டு வரும் காய்தான். காயைப் பச்சையாக மெல்லாதீர்கள். தட்டி, அலசி, சமைத்து, அளவோடு உண்ணுங்கள். வழக்கத்தை மீறிய கசப்பும் நாவில் எரிச்சலும் தோன்றினால் முழுவதையும் கொட்டிவிடுங்கள். சாலையோரப் புதர்களில் சுண்டையைப் போலவே தோன்றும் வேறு காய்களும் உண்டு. ஐயமறத் தெரிந்த செடியிலன்றிப் பறிக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள்.

சாச்சா இப்போது மாத்திரையை நேரம் தவறாமல் உண்கிறார். சற்றுச் சாய்ந்து நடந்தாலும் நடக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். சென்ற பங்குனியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். கொல்லையில் செடி குலைகுலையாகக் காய்த்திருந்ததைப் பார்த்து, "எனக்கு ஒரு கொத்து வெட்டிக் கொடு; சாச்சி பருப்புல போடுவா" என்றார். வெட்டிக் கொடுத்தேன். வேறொரு சொல்லும் சொல்லவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

நீங்களும் ஒரு கன்று நடுங்கள். காய்த்தால் அண்டை அயலாருக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது சமைக்கும் முறையைச் சொல்லுங்கள். அறியாத மருத்துவத்தைச் சொல்லாதீர்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் கறிவேப்பிலைக் கன்றோடு உங்களைச் சந்திக்கிறேன்.

வஸ்ஸலாம்.